ஐந்து கிலோமீட்டர் பாக்கி

மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போட்டியில் நீந்தி முடித்து, சைக்கிள் ஓட்டி முடித்து, ஓடக் கிளம்பிய என்னை நிறுத்தி நாற்காலியில் உட்காரவைத்தது நீ. இதை எழுதிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்றிருந்தேன், எழுதிவிட்டேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலம். இன்று காலை எழுந்ததும் என் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு. என் உடம்பைப் பற்றி ஊராருக்குக் கடிதம் போடுகிறவளிடம் சரியான தகவலாவது இருக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் காரியத்தைக் கெடுக்க நேரம் கிடைத்திருக்காது. ஐந்து நாளாக நீ அடிக்கும் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ அழுவாய், அழுகைக்குப் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. காகிதம் என்றால் குறுக்கே பேசாமல் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

பத்து மாதம் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்டதும் இல்லை. காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால் மாலை மணி அடிக்கும்வரை பஸ் டிரைவர்களுக்கு வேலை கிடையாது. மற்றவர்கள் கடைசி சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவார்கள். நான் வண்டியை நீச்சல் குளத்துக்குப் பின்னால் நிழலில் போட்டு, திரையை இழுத்துவிட்டு உடை மாற்றிக்கொண்டு இறங்கினேன், ஐம்பத்தேழு வயதில். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. நீ சின்னவளாக இருந்தபோது மூன்று வருடம் துண்டும் கையுமாகக் கரையில் உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பயிற்சியாளர் உன்னைப் பார்த்துக் கத்தியதெல்லாம் உனக்கு ஏறவில்லை, எனக்கு ஏறியிருந்தது. மூச்சைத் தண்ணீருக்குள் விடு, தலையைத் தூக்காதே, திருப்பு. அதை வைத்துத்தான் ஆரம்பித்தேன். முதல் மாதம் முழுக்க நாலு கை போட்டால் மூழ்கிவிடுவேன். குளத்துக் காவல்காரி, 'அக்கா, நீங்க நீந்துறீங்களா, தண்ணிகூடச் சண்டை போடுறீங்களா'ன்னு கேட்டாள். இரண்டும்தான் என்றேன். ஆறாவது மாதம் நிற்காமல் குளத்தை நீளவாக்கில் முப்பது தடவை கடந்தேன். அவள் மேசையை விட்டு எழுந்து வந்து எண்ணினாள்.

அப்புறம் சைக்கிள், ஓட்டம். இவற்றை விடக் கஷ்டம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. தண்ணீரிலிருந்து வந்ததும் முதலில் ஹெல்மெட்டைப் போட்டு வாரை மாட்ட வேண்டும், அதற்கு முன் சைக்கிளில் கை பட்டால் தண்டனை நேரம் போடுவார்கள். நான் பஸ் ஷெட்டில் ஒரு வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு ஓடி வந்து, ஹெல்மெட், சாக்ஸ், ஷூ என்று நாற்பது தடவை பழகினேன். உன் அப்பா கடையை அடைத்துவிட்டு வந்து கடிகாரம் பார்த்தார். 'இந்த வேகத்துல நீ ஒருநாளாவது கல்யாண வீட்டுக்குக் கிளம்பியிருப்பியா'ன்னு சிரித்தார்.

போட்டியில் ஏரியில் எழுநூற்றைம்பது மீட்டர். குளத்தில் அடியில் கோடு இருக்கும், ஏரியில் ஒரு மண்ணும் தெரியாது. ஒருவன் காலால் உதைத்தான், நான் கோணலாகப் போய்த் திரும்பி வந்தேன், ஆனாலும் இருபத்து நாலு நிமிடத்தில் கரையேறினேன். சைக்கிள் இருபது கிலோமீட்டர், எதிர்காற்று, ஐம்பத்தாறு நிமிடம். ஒரு மணி நாற்பது நிமிடம் ஆவதற்குள் ஓட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி. நான் சைக்கிளைக் கம்பியில் மாட்டியபோது ஒரு மணி இருபத்து நாலு. பதினாறு நிமிடம் கையிருப்பு. ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டு நிமிர்ந்தால் நடுவர் விசிலோடு நிற்கிறார். 'இருநூத்திப் பதினாலு, நில்லுங்கம்மா. உங்களப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு, டாக்டர் பாக்காம விட முடியாது.' கூடாரத்தில் நாற்காலி போட்டார்கள். டாக்டரோ காலில் தசை பிடித்து அலறிக்கொண்டிருந்த ஒருவனைப் பார்க்கப் போயிருந்தார். என் பக்கத்தில் ஈரத் தலையோடு ஒவ்வொருவராக ஓடிப் போனார்கள். எனக்குப் பின்னால் ஏரியிலிருந்து வந்த இரண்டு பேரும் போனார்கள். டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, 'யாரு இவங்கள உக்கார வச்சது, என்னைவிட நல்லா இருக்காங்களே' என்றார். அதற்குள் இருபத்தாறு நிமிடம் போயிருந்தது.

நடுவர் நல்ல மனிதர், போனை என் கையிலேயே கொடுத்தார். இவர் இதயம் தாங்காது, ஓட விடாதீர்கள் என்று நீ எழுதிய கடிதத்தை நானே படித்தேன். 'டாக்டர்னு இருக்கு, மகள்னு இருக்கு, உங்க நம்பர்கூடச் சரியா இருக்கு, நான் எப்படிம்மா விடுறது' என்றார். அவரிடம் தப்பில்லை. ஓர் ஆசைக்கு ஓடிவிட்டு வாருங்கள், நேரம் குறிக்க மாட்டோம் என்று சொன்னார். அவருடைய உதவியாளர் ஒரு பதக்கத்தையும் நீட்டினார். முடிக்காதவளுக்கு எதற்குப் பதக்கம் என்று மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று இருக்கிறது. நான் விட்டுவிட்டு வந்ததைப் போல.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ டாக்டர் என்று கையெழுத்துப் போட்டாய். என்ன டாக்டர் என்று ஏன் எழுதவில்லை? பல்லுக்கும் இதயத்துக்கும் எத்தனை மைல் தூரம் என்று நடுவருக்குத் தெரிந்திருந்தால் என்னை ஓட விட்டிருப்பார். இவர் முன்பே ஒருமுறை சுயநினைவிழந்து விழுந்திருக்கிறார் என்று எழுதினாய். விழுந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. எங்கே விழுந்தேன்? உன் கல்லூரியில், நீ மூன்றாம் வருடம் படிக்கும்போது, பிடுங்கிப் பழக ஆள் கிடைக்கவில்லை என்று நீ முகத்தைத் தொங்கப்போட்டதால் வெறும் வயிற்றோடு வந்து என் கடைவாய்ப் பல்லைக் கொடுத்தேனே, அங்கே. நீ மூன்று தடவை இழுத்தாய். மூன்றாவது தடவை கல்லும் மயங்கும். அந்தப் பல்லால் நீ தேர்ச்சி பெற்றாய், அந்த மயக்கத்தை இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறாய்.

என் போட்டி நம்பர் உனக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் தெரிந்துவிட்டது. போட்டியை நேரலையில் பார்த்துக் கைதட்டப் போகிறேன் என்று சொல்லி அப்பாவிடம் வாங்கியிருக்கிறாய். ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் சாவி செய்கிறவர், தன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடத் தெரியாதவர். இப்போது மூலையில் உட்கார்ந்து, 'அவ பயந்துட்டா, பாவம், விடு' என்கிறார். பயமாம். பயந்தவள் என்னிடம் சொல்லியிருப்பாள். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, நீச்சல் உடையில் நான் நிற்கும் படத்தை உன் மாமியார் பார்த்துவிட்டு, 'உங்கம்மா சர்க்கஸ்ல சேந்துட்டாங்களா'ன்னு கேட்டாராம், நீ அன்று சாப்பிடவில்லையாம். கடிதம் போனது அதற்கு மறுநாள். என் இதயம் நின்றுவிடும் என்று பயந்தாயா, உன் தலை குனிந்துவிடும் என்று பயந்தாயா, நீயே யோசித்துக்கொள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

இதோடு நின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு அடுத்த போட்டியைப் பார்த்திருப்பேன். ஆனால் அன்று கூடாரத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர் எங்கள் பள்ளி விளையாட்டு ஆசிரியர். திங்கட்கிழமை காலை வண்டிச் சாவியைக் கேட்டால் மேலாளர் மேசை டிராயரை மூடுகிறார். 'மயக்கம் வரும்னு உங்க பொண்ணே எழுதியிருக்காங்களாம். வண்டியில முப்பத்தெட்டுப் பிள்ளைங்க, நான் என்ன பண்ணட்டும்' என்றார். இருபத்தொரு வருடம், ஒரு கண்ணாடிகூட உடைக்காதவள், இப்போது உதவியாளர் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். புது டிரைவர் திருப்பத்தில் கியரைக் கதறவிடுகிறான். பிள்ளைகள் எல்லாம், 'டிரைவரம்மா, உங்களுக்கு என்ன, ஏன் நீங்க ஓட்டல'ன்னு கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது, என் மகள் எழுதிவிட்டாள் என்றா?

நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். இதய மருத்துவரிடம் போய் ஓடும் பட்டையில் பன்னிரண்டு நிமிடம் ஓடினேன், ஒரு குறையும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். அதை நடுவரிடமும் மேலாளரிடமும் நீட்டினேன். இருவரும் பேசி வைத்துக்கொண்டதைப் போல ஒரே பதில் சொன்னார்கள்: புகார் எழுதினவங்களே அதை வாபஸ் வாங்கி எழுதணும். அடுத்த போட்டி இன்னும் ஏழு வாரத்தில், பெயர் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த வெள்ளி.

ஆகவே யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். நீ இரண்டு கடிதம் எழுத வேண்டும், ஒன்று நடுவருக்கு, ஒன்று மேலாளருக்கு. இரண்டிலும் உன் பெயருக்கு முன்னால் பல் டாக்டர் என்று முழுதாக இருக்க வேண்டும். நான் மயங்கியது எந்த நாற்காலியில், யார் கையால் என்று இருக்க வேண்டும். வருந்துகிறேன், கவலையில் எழுதிவிட்டேன் என்றெல்லாம் இழுக்காதே, நான் எழுதியது தவறு என்று ஒரே வரி போதும். மாப்பிள்ளை தன் அம்மாவிடம், சம்பந்தி சர்க்கஸில் சேரவில்லை, எழுநூற்றைம்பது மீட்டர் நீந்தினார் என்று சொல்ல வேண்டும். அவர் பிள்ளை, அவர்தான் சொல்ல வேண்டும். உன் அப்பா அடுத்த போட்டி முடியும்வரை உன்னிடம் போனில் வெயில், மழை தவிர வேறு எதுவும் பேசக் கூடாது, ஒப்புக்கொண்டுவிட்டார். நான் திங்கள், புதன் நீந்துவேன், செவ்வாய், வியாழன் சைக்கிள், மற்ற நாள் ஓட்டம். வியாழக்கிழமைக்குள் கடிதங்கள் வராவிட்டால், வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் கிளம்பி உன் ஆஸ்பத்திரிக்கு வந்து, பல் வலிக்காரர்களோடு வரிசையில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உன் முன்னாலேயே எழுதி வாங்கிக்கொள்வேன். லீவு கேட்க வேண்டியதில்லை, ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டதில் எல்லா நாளும் எனக்கு லீவுதான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருங்கள், அதில் எனக்கு மாற்று எண்ணம் கிடையாது. இரண்டு கடிதத்திலும் தேதி போட மறக்காதே. தேதி இல்லாவிட்டால் நடுவர் எடுத்துக்கொள்ள மாட்டார்.

அம்மா