கோல் போட்டால் கும்பிடாதே

காராபெகுவா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஹெர்மினியோவுக்கு அம்மா எழுதுவது. காக்குபே மாதா கருணையில் நானும் உன் தங்கை நிமியாவும் அவள் பெற்ற மூன்று வானரங்களும் கறவை மாடும் சௌக்கியம். உன் வலது முட்டி எப்படி இருக்கிறது, அதை முதலில் எழுது, அது நன்றாக இருந்தால் மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். நீ இப்போது பந்தாடுகிற குயாகிலில் காலையிலேயே மீன் சூப் குடிக்கிறாயாமே, ஆட்டமுள்ள நாளில் அது வேண்டாம். இங்கே குளிர் வந்துவிட்டது, மரவள்ளி இந்த வருஷம் தொடை பருமனுக்கு விளைந்திருக்கிறது, கொல்லைப்பக்கத்து ஆரஞ்சு மரத்தைப் புயல் சாய்த்துவிட்டது, பழமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் பக்கம் விழுந்தது, ஒரு கூடை திருப்பிக் கொடுத்தானா, இல்லை, அதையும் மனதில் வைத்திருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தாலே "விடும்மா, பழசு" என்று வெட்டிவிடுகிறாய். காகிதத்தை வெட்ட முடியாது. நிமியா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பிழை திருத்தித் தருகிறேன் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், விரட்டிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை டாசியானோ மளிகைக்கடையில் நின்றபோது ரேடியோவில் உன் குரல் கேட்டது. தலைநகரத்து அந்த கிளப்தான், அதன் பெயரை எழுத என் கை வராது, அந்த கிளப்தான் உன்னை உருவாக்கியது என்றாய். வியாழக்கிழமை குயாகில் அணிக்காக அவர்கள் மைதானத்தில் கோல் போட்டாலும் கொண்டாட மாட்டேன், பழைய வீட்டுக்கு மரியாதை என்றாய். டாசியானோ தராசைக் கீழே வைத்துவிட்டு, "உன் மகன் பெரிய மனுஷன் ஆயிட்டான் அக்கா" என்றான். "ஆயிட்டான், அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த அரிசியை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம், டிவியில் நானும் பார்க்கிறேன், பழைய கிளப்புக்கு எதிராக கோல் போட்டவன் அடுத்த வீட்டுப் பானையை உடைத்தவன் மாதிரி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறான். நம் வீட்டில் யாரைப் பார்த்துக் கை கூப்புவோம்? பெற்றவளையும் ஞானத்தாயையும் பார்த்து ஆசி கேட்கும்போது கூப்புவோம். சிலிக்குப் போனபோதும் பொலிவியாவுக்குப் போனபோதும் வாசலில் நின்று என்னிடம் கூப்பிய கை அது. அதை அந்த கிளப்புக்காரன் எலாடியோவுக்கு முன்னால் கூப்புவாயா?

உன்னை உருவாக்கினார்களாம். பத்தொன்பது வயதில் அவர்கள் மைதானத்துப் பள்ளத்தில் உன் கணுக்கால் உடைந்தது. எலாடியோ அப்போது நிர்வாகி, உன்னை வைத்துக்கொண்டே டாக்டரிடம், "இவன் காலு கண்ணாடிக் காலு, நமக்கு ஆகாது" என்றான். மறுநாள் உன் பையை மழையில் கேட்டுக்கு வெளியே வைத்தார்கள். பூட்ஸ் மட்டும் பையில் இல்லை, அது கிளப் சொத்தாம். ஒரு காலில் மாவுக்கட்டு, மறு காலில் செருப்பு, அப்படித்தான் நீ பஸ் இறங்கி வந்தாய். அதற்குப் பிறகு சிலியில் தாமிரச் சுரங்க ஊரில் எவனோ விட்டுப்போன பெரிய பூட்ஸுக்குள் துணியைத் திணித்துக்கொண்டு ஆடினாய். பொலிவியாவில் மூச்சு முட்டி மூக்கில் ரத்தம் வழிய, ரத்தத்தோடேயே தலையால் முட்டி கோல் போட்டாய். மெக்சிகோவில் வருஷத்துக்கு ஒரு கிளப் மாறினாய் என்று அந்த வர்ணனைக்காரன் உன்னைப் பெட்டிக்காரன் என்றான், அவன் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, காது இரண்டும் விரிந்திருக்கும். துருக்கியில் பேச ஆளில்லாமல் தனக்குத்தானே பேசிப் பழகினாய், சீனாவில் முட்டையும் சோறும் மட்டும் தின்று இளைத்தாய். போன இடமெல்லாம் கோல் போட்டாய். எந்த நாட்டில் எந்தக் காலால் என்று கேள், சொல்கிறேன். இதில் அவர்கள் உருவாக்கியது எது?

நேற்று எலாடியோ நம் வீட்டுக்கே வந்தான். ஆமாம், அவனேதான், இப்போது கிளப் தலைவர், கையில் தடி, பின்னால் டிரைவர், டிரைவர் கையில் பெரிய கேக். அவனை உட்காரவைத்து ஐஸ் தண்ணீரில் தெரெரே இலை கலந்து கொடுத்தேன், வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பும் வீடில்லை நம் வீடு. "உங்க மகன் எங்க வீட்டுப் பிள்ளைம்மா" என்றான். "அப்படிங்களா, எந்த ரூம்ல படுத்திருந்தான்?" என்றேன். டிரைவர் சிரிப்பை அடக்க வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆட்டத்துக்கு முன் உனக்கு ஒரு நினைவுக் கேடயம் தரப்போகிறார்களாம், நானும் மைதானத்தில் இறங்கி நிற்க வேண்டுமாம். "பதினெட்டு வருஷம் ஆச்சு, மறந்துடுங்கம்மா" என்றான். "எனக்கு மறதி வரலைங்கய்யா, டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. வியாழக்கிழமை தோற்றால் கோப்பையைவிட்டே வெளியே, தன் நாற்காலியும் போய்விடும் என்றான். "நல்லவேளை, ஹெர்மினியோ எங்க மனசு நோகும்படி நடக்க மாட்டேன்னு சொல்லிட்டான், அதுவே பெரிய தெம்பு" என்றான்.

கேட்டாயா மகனே. கேடயம் உன் மார்புக்கு இல்லை, உன் காலுக்கு. கண்ணாடிக் கால் என்றவர்கள் இப்போது அதைப் பஞ்சுக் காலாக்கப் பார்க்கிறார்கள். உனக்கு முப்பத்தேழு வயது. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் குயாகில்காரர்கள் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள், தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், நீயே நிமியாவிடம் சொல்லியிருக்கிறாய். கோல் போட்டால் சந்தோஷப்பட மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு இறங்குகிறவன், கோல் வாசலில் ஒரு நொடி யோசிப்பான். அந்த ஒரு நொடிதான் என் கவலை. கோல்கீப்பருக்கு அது போதும்.

எலாடியோ போனதும் அந்த கிளப்பையே மொத்தமாகத் திட்டினேன். நிமியா மட்டும், "ஸ்டாண்டுல இருக்குற ஜனம் என்னம்மா பண்ணுச்சு?" என்று கேட்டாள். போடி என்றேன். ஆனால் எழுத உட்கார்ந்ததிலிருந்து அதுவும் வந்து நிற்கிறது, என் ஞாபகத்துக்குக் கெட்டதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அந்த மழையில் கேட்டுக்கு எதிரே சிப்பா ரொட்டி விற்ற தெயோலிந்தா உன்னைத் தன் முக்காலியில் உட்காரவைத்து, ரொட்டித் தட்டைக் குடையாகப் பிடித்தாள், அவள் ரொட்டியெல்லாம் நனைந்தது. மலிவு ஸ்டாண்டில் முரசு அடிக்கிற தடியன் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்து பஸ் நிலையம் வரை தள்ளிப்போனான். அடுத்த சீசன் முதல் ஆட்டத்தில் அணியிலேயே இல்லாத உன் பெயரை அந்த ஜனம் சேர்ந்து பாடியது, நீ ரேடியோவில் கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாய்.

ஆகவே உன் வாக்கை மாற்றச் சொல்லவில்லை. மரியாதை அந்த ஜனத்துக்கு என்றால் சரி, அவர்களைப் பார்த்து ஒரு கையைத் தூக்கு, தெரிந்தவர்களைத் தெருவில் பார்த்தால் தூக்குவோமே, அப்படி. இரண்டு கையையும் கூப்பாதே. மன்னிப்புக் கேட்பது தப்பு செய்தவன் வேலை, நீ உன் வேலையைச் செய்திருப்பாய். பெரிய மனிதர்கள் உட்காரும் மாடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காதே. கேடயத்தை நான் வாங்கிக்கொள்கிறேன், நீ அந்த நேரத்தில் ஓடி முட்டியைச் சூடாக்கு. எனக்கு மாடத்தில் தலைவர் பக்கத்தில் நாற்காலியாம், வேண்டாம், மலிவு ஸ்டாண்டில் இடம் கொடுங்கள் என்று எலாடியோவிடம் சொன்னேன். "அங்க குளிரும்மா, ஒரே சத்தம், சண்டைக்காரப் பசங்க" என்றான். "அங்கதாங்கய்யா எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க" என்றேன். தெயோலிந்தாவுக்கு போன் போட்டாயிற்று, பக்கத்தில் துண்டு போட்டு வைக்கிறாள்.

காக்குபே மாதா உன் காலுக்கும் கண்ணுக்கும் துணை நிற்கட்டும், பெற்ற வயிற்றின் ஆசி உன் முன்னும் பின்னும் வரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. கொண்டாட மாட்டேன் என்றது நீ, நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. பந்து வலைக்குள் போனதும் அத்தனை ஜனமும் அமைதியாகிவிடும், அந்த அமைதியில் ஒரே ஒரு கிழவியின் கத்தல் கேட்கும். என்னை யாரும் அடித்துவிடுவார்களோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதே. நேரே நடுக்கோட்டுக்கு ஓடு, நேரம் மிச்சமிருக்கும், இன்னொன்றையும் போடு.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
சின்ஃபோரியானா