குடிலில் சூடேறிய போர்டு

மேனாம்பேடு
9.12.2024

அன்பு மச்சான் முஸ்தகீமுக்கு,

ரிச்சர்ட் எழுதுவது. இங்கே ரோஸியும் நானும் சுகம். குல்ஷனும் பிள்ளை அதீபாவும் நலமா? போன் போட்டால் எடுக்கமாட்டேன் என்கிறாய், வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் தபால். சிரிக்காதே, கவர் வாங்க போஸ்ட் ஆபீசுக்கு வழி கேட்டுக்கொண்டு போனேன்.

நம் கோயில் கிறிஸ்துமஸ் குடில் பாதியில் நிற்கிறது. தேவதூதர் சம்மனசின் இறக்கையும் மூன்று ராஜாக்களின் தலையும் ஆடத்தான் ஆடுகின்றன. ஆனால் மோட்டார்களை ஆட்டுவிக்க நீ செய்து கொடுத்த போர்டு கொஞ்ச நேரத்திலேயே தொடமுடியாமல் கொதிக்கிறது. பக்கத்தில் ஃபேன் வைத்தேன், பவர் சப்ளையை மாற்றினேன், ஒன்றும் வேலைக்காகவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. ஒரு நடை வந்து பார்க்கக் கூடாதா?

அன்று ஒத்திகையில் போர்டில் புகை வந்தபோது நான் ஏதோ உளறிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன்
ரிச்சர்ட்

சென்னீர்குப்பம்
13.12.2024

ரிச்சர்டுக்கு,

நலம். நீ உளறவில்லை, தெளிவாகத்தான் சொன்னாய். "யார் பண்ணது இது?" என்று ஃபாதர் கேட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நான் இல்ல ஃபாதர், அந்த பாய் பண்ணது" என்றாய். காலேஜிலிருந்து மச்சான், மாமே தவிர வேறு எப்படியும் நீ என்னைச் சொன்னதில்லை. இந்தப் பக்கம் ஊரே என்னை பாய் என்றுதான் கூப்பிடுகிறது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. நீ சொன்னபோதுதான் உடம்பு கூசிவிட்டது. டீ கிளாசை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போர்டு விஷயம். ஃபேன் வைத்து ஆகப்போவதில்லை. ஏதோ ஒரு மோட்டார் நகரமுடியாமல் முக்கிக்கொண்டிருக்கிறது, அது இழுக்கிற கரண்ட்டெல்லாம் போர்டு வழியாகப் போகிறது. ஒவ்வொரு மோட்டாராகக் கழற்று. எதைக் கழற்றினால் சூடு இறங்குகிறதோ, அதை எது தடுக்கிறது என்று பார். நான் வரமாட்டேன்.

முஸ்தகீம்

மேனாம்பேடு
18.12.2024

மச்சான்,

கண்டுபிடித்துவிட்டேன், சொல்லத்தான் வெட்கமாயிருக்கிறது. பாலன் இயேசுவை மூடியிருக்கும் திரையின் மோட்டார்தான் அது. கிறிஸ்துமஸ் பூசை வரைக்கும் பாலனை யாரும் பார்க்கக் கூடாதல்லவா? பாட்டுக்குழுப் பிள்ளைகள் திரையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று நானே சுற்றிலும் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். ஸ்விட்ச் போட்டதும் எல்லா மோட்டாரும் ஒரு தரம் அசைந்து பார்க்கும்படி நீ வைத்திருக்கிறாய். இது மட்டும் ஊசியோடு மல்லுக்கட்டிக்கொண்டே நின்றிருக்கிறது. ஊசியைப் பிடுங்கினேன், சூடு போன இடம் தெரியவில்லை.

தப்பு என்னுடையதுதான் என்று ஃபாதரிடமும் கமிட்டியிலும் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று எல்லோரும் வாருங்கள். அதீபாவுக்கென்று ரோஸி அச்சு முறுக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

உன்
ரிச்சர்ட்

சென்னீர்குப்பம்
27.12.2024

ரிச்சர்டுக்கு,

வந்திருந்தோம். கூட்டத்தில் நீ எங்களைப் பார்க்கவில்லை. "நீ பண்ணத பாக்கணும் அத்தா" என்று அதீபாதான் பிடிவாதம் பிடித்தாள். குடில் அழகாயிருந்தது. சம்மனசு இறக்கையை அசைத்தபோது அவளும் கை தட்டினாள்.

கேக் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களிடம் சொன்னார்: "ரிச்சர்ட் சார் மட்டும் இல்லாங்காட்டி குடிலே எரிஞ்சிருக்கும். எவனோ பாய் போர்டை சொதப்பி வெச்சிட்டுப் பூட்டானாம்." நீ அங்கேதான், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாய். "அத்த வுடும்மா, அதான் சரி பண்ட்டேன்ல" என்று சிரித்தாய்.

எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்று எனக்கு எழுதினாயே, அதை எழுதாமலாவது இருந்திருக்கலாம். அதீபாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

முஸ்தகீம்

மேனாம்பேடு
6.1.2025

முஸ்தகீமுக்கு,

மச்சான் என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் வந்தபோது ரோஸி பக்கத்தில் இருந்தாள். "இன்னா எழுதிகீறாரு?" என்றாள். ஒன்றுமில்லை என்று சட்டைப்பையில் மறைத்துக்கொண்டேன். அவ்வளவு கேவலமானவன் நான்.

ஃபாதரும் இருந்த கமிட்டியில் சொல்லத்தான் போனேன். உள்ளே நுழைந்ததுமே, "சரி பண்ட்டியாமே, கெட்டிக்காரன்யா நீ" என்று முதுகில் தட்டினார்கள். அந்தத் தட்டு நன்றாயிருந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள். பூசை முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் மைக்கை வாங்கினேன். ஊசி குத்தியது நான், போர்டு செய்ததும் கோளாறு எங்கே என்று சொன்னதும் என் நண்பன் முஸ்தகீம், அவன் மேல் பழி போட்டதும் நான்தான் என்று சொன்னேன். ரோஸி தலையைக் குனிந்துகொண்டாள், வீட்டில் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரட்டுமா? உன்னிடமும் பிள்ளையிடமும் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ரிச்சர்ட்

சென்னீர்குப்பம்
9.1.2025

ரிச்சர்டுக்கு,

உன் கடிதத்தை அதீபாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். "அன்னிக்கு நாம அங்க நின்னுகினு இருந்தது தெரியலன்னா, அங்கிள் இப்ப மைக்ல சொல்லியிருப்பாரா அத்தா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை வா.

முஸ்தகீம்