படுத்த யானைக்கு எத்தனை பெயர்

புந்தோங், ஈப்போ.

அன்புத் தம்பி பத்துமலைக்கு, சன்னாசி அண்ணன் சொல்ல ஆலிஸ் டீச்சர் எழுதுவது. இங்கே யாவரும் நலம். உன் மூட்டுவலி தேவலையா? முசிறியில் மழை உண்டா?

தெலுக் அன்சன் இனி தெலுக் இந்தான் என்று ரேடியோவில் சொன்ன வருஷம் இது. இதே வருஷம் நம் எஸ்டேட் மலைக்கும் பெயர் மாறிவிட்டது. நாம் படுத்தயானை என்போம். வெள்ளைக்காரன் தன் வரைபடத்தில் டன்பார் மலை என்று எழுதியிருந்தானாம். இப்போது பலகையில் புக்கிட் பெர்பாடுவான், ஒற்றுமை மலை என்று இருக்கிறது. பெயர் வைக்கிற கூட்டத்தில் நம்மவர்கள் தமிழ்ப் பெயர் கேட்டார்கள். நாட்டுப் பெயராக இருக்க வேண்டும் என்றார் மேடையில் ஒருவர். பக்கத்து மலாய்க் கம்பத்துப் பெரியவர் பாக் மாட் எழுந்து, தன் தாத்தா காலத்திலேயே அது புக்கிட் காஜா, யானை மலைதான் என்றார். அதையும் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கோப்பிக் கடையில் நானும் அவரும் சிரித்தோம். இரண்டு பேர் தாத்தாவுக்கும் ஒரே யானை தெரிந்திருக்கிறது.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் கண் கிறங்கினால் அந்த மலை வருகிறது. பனி முதுகில் வழிய எழுந்து நின்று, ரப்பர் மரங்களை விலக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நான் கரையிலேயே நிற்கிறேன்.

என் தங்கச்சி இருளாயிக்கு இன்னும் சிவப்பு அடையாளக் கார்டுதான், குடியுரிமை இல்லை. குடியுரிமை உள்ளவர்களுக்குத் தரும் நீலக் கார்டுக்கு மனுப் போட்டோம். பிறந்த ஊர் முசிறி என்று பதிவாகியிருக்கிறதே என்று ஆபீஸில் கேட்கிறார்கள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "முசிறிக்கு அனுப்பிட்டா நான் யார் வீட்டுக்குண்ணே போவேன், எனக்கு வழியே தெரியாதுலா" என்கிறாள்.

நாற்பத்தெட்டில் அடையாளக் கார்டு எழுத ஆபீஸ் ஆட்கள் வந்தது உனக்கும் நினைவிருக்கும். லயத்து வாசலில் வரிசையாக நின்றோம். கங்காணி உடையப்பன்தான் எல்லாருக்கும் பதில் சொன்னார். இங்கே பிறந்தவர்களுக்கும் முசிறி என்றே சொன்னார். ஏன் மாமா என்று அப்புறம் கேட்டேன். "சொந்த ஊர் இல்லாத பயலுகன்னு நம்மள நினைச்சிரக் கூடாதுடா" என்றார். நம் மானத்தைக் காப்பாற்றியதாகத்தான் அவர் நினைப்பு. உனக்கும் அதே முசிறிதான். எழுபதில் வேலை பெர்மிட் கிடைக்காமல், பார்த்தேயிராத ஊருக்கு நீ கப்பல் ஏறியது அதனால்தான். கார்டு எழுதிய அன்று வரிசையில் உன் பக்கத்தில் நின்ற நான் வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

ஆபீஸில் இருந்த மலாய் அம்மாள் தன்மையாகத்தான் பேசினாள். எஸ்டேட் பிறப்புப் புத்தகம் ஜப்பான்காரன் காலத்தில் எரிந்துவிட்டதால், பிறந்ததைப் பார்த்த ஆள் ஒருவர் உறுதி சொல்ல வேண்டும், உறவாக இருக்கக் கூடாது என்றாள். படுத்தயானை அடிவாரம் என்றேன். அப்படி ஒரு மலையே வரைபடத்தில் இல்லை என்றாள். எல்லாப் பெயரும் ஒரே மலைக்குத்தான் என்று பாக் மாட் வந்து கையெழுத்துப் போட்டார். மலை கிடைத்துவிட்டது. பிறப்புக்குத்தான் சாட்சி இல்லை. இருளாயி பிறந்த அறையில் இருந்தவர்களில் மருத்துவச்சி மங்களம் ஜப்பான் காலத்திலேயே போய்விட்டாள். முத்தம்மா போன தைப்பூசத்துக்கு முன்னால் இங்கே பக்கத்தில் சிலிபினில் காலமானாள். அங்கே முசிறியில் உன்னோடு இருக்கும் உன் அம்மா கருப்பம்மாள் அக்காதான் பாக்கி. நடமாட்டம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒரு வக்கீல் முன்னால் அவர் கைநாட்டை வாங்கி அனுப்பு. கேட்க எனக்கு முகமில்லை, இருந்தும் கேட்கிறேன்.

இன்னொன்று. உனக்கும் மனுப் போடலாமா என்று அந்த அம்மாளிடம் விசாரித்தேன். போடலாம், பிறந்ததைச் சொல்ல ஆள் வேண்டும் என்றாள். நீ பிறந்த அன்று கொட்டுகிற மழையில் மருத்துவச்சிக்குக் குடை பிடித்து வந்தவன் நான். நான் உனக்கு ரத்த உறவும் இல்லை. எனக்கு எழுபத்தைந்து ஆகிறது, தம்பி. சீக்கிரம் பதில் போடு. பிள்ளைகுட்டிகளோடு நோய்நொடி இல்லாமல் இரு. நீ அந்த மலையடியில் பிறந்தவன் என்று சொல்ல இங்கே உயிரோடு மிச்சம் இருப்பது,

உன் அண்ணன்
சன்னாசி