பள்ளியறையில் முழங்கிய வாழ்த்துமுரசு

மழை பிழையாத வெண்குன்ற நாட்டின் முதலமைச்சர் மருதங்கிழார் இளங்காரியார், வடகரைத் துறை காக்கும் ஏனாதி நாகன் விண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் வாளும் குலமும் வாழ்க. தங்கள் ஆற்றில் வெள்ளம் வடியாதிருக்க. அமைச்சர் சொல்லச் சொல்ல ஓலை எழுதுவோன் எழுதியது.

நம் வேந்தர் அடற்சேந்தர் படுக்கையை விட்டு எழுவதில்லை. இதை வெளியே சொல்ல அஞ்சி நாற்பது நாள் வாய்மூடி இருந்த அமைச்சர், இனியும் மறைத்தால் நாடே கைவிட்டுப் போகும் என்று கலங்கித் தங்களிடம் மட்டும் திறக்கிறார். முடிசூடிய நாள்தொட்டு, விடியலில் ஏழு மதிலையும் ஓடிச் சுற்றிவந்து, கடைவாயிலில் வாழ்த்துமுரசு கேட்டு மகிழ்ந்தவர் வேந்தர். கார்காலக் காய்ச்சலுக்குப் பின் அவர் கால் சற்றே தயங்கிற்று. உற்சாகமூட்டுவதாக எண்ணிய அமைச்சர், முரசைப் பள்ளியறைக்கே கொணர்ந்து, அவர் எழுமுன்பே முழக்கச் செய்தார். தேனும் பாலும் கட்டிலுக்கே வந்தன. நல்லது செய்யப்போய் இப்படிக் கெடுத்துவிட்டோமே என்று இன்று தலையில் அடித்துக்கொள்கிறார்.

பகைவர் நஞ்சிட்டனரோ என்று அஞ்சி, அரண்மனை மருத்துவர் ஆதன் கொற்றியாரை வினவினார். காலில் குறையில்லை, குறை தலைக்குள் என்றார் அந்த அம்மையார். முன்பு நெற்றியில் வேல் பாய்ந்த மல்லன் ஒருவன், தோள்வலி குன்றாமலே, கையெடுக்கும் விருப்பம் மட்டும் அற்றுக் கிடந்ததை அவர் கண்டிருக்கிறாராம். மூளையின் ஆழத்தில் ஓரிடம், வரப்போகும் இன்பத்தையும் அதற்குப் படவேண்டிய பாட்டையும் நிறுத்துப் பார்க்கிறதாம். இன்பம் கைக்கு வந்தபின் அன்று, வரும் என்று எதிர்பார்க்கையிலேயே அங்கே ஊக்கம் சுரக்கிறதாம். பாடுபடாமலே பரிசு வந்துகொண்டிருந்தால் எதிர்பார்க்க ஏதுமில்லை. அசையாதிருக்க இருக்க அச்சுரப்பு மேலும் வற்றும். இதைச் சோம்பல் என்று பழிப்பது தகாது என்றும் கடிந்துகொண்டார். நஞ்சு உண்மைதான், இட்டவர் தாமே என்று அமைச்சர் அறிந்தார்.

இன்னும் பத்தொன்பதே நாளில் மதில்வலம். அயல்நாட்டுத் தூதர் காண வேந்தர் தம் காலால் ஏழு மதிலும் சுற்றவேண்டும். இடையில் அவர் அமர்ந்தால் அக்கரையில் பாசறை இட்டிருக்கும் பகைவர் சும்மா இரார். பழைய பழக்கம் தலைக்குள் மீள இரண்டு திங்களாவது ஆகும் என்கிறார் மருத்துவர். நேற்று முரசை நிறுத்தினோம். இன்று வேந்தர் அறைவாயில்வரை பத்தடி நடந்தார். நடந்தபின்னரே பால் கொடுத்தோம். முரசு கேளாததால், குடிகள் தம்மை மறந்துவிட்டனரோ என்று அவர் வினவியபோது அமைச்சர் அழுதுவிட்டார்.

ஆதலின் ஆணை யாதெனில்: மதில்வலம் தள்ளிவைக்கப்பட்டது, தூதரைத் துறையிலேயே நிறுத்துக. வெள்ளம் என்க, ஓடம் பழுது என்க, எதையேனும் சொல்லி அறுபது நாள் பெற்றுத் தருக. வேந்தர் நலம் பற்றி வீரர் வினவினால், நாள்தோறும் நடக்கிறார் என்க. அது பொய்யாகாமல் காப்பது எம் பாடு. அறுபதாம் நாளும் அவர் அறைவாயிலைத் தாண்டாராயின், இவ்வோலையை அவையில் படித்து, இதனை விடுத்தவனைத் தண்டிக்க.

இதில் அமைச்சரின் முத்திரை மட்டுமே உள்ளது. அரச முத்திரை அவைமண்டபத்தில் இருக்கிறது. அதை வேந்தர் தம் காலால் நடந்துவந்து, நின்று இடுவதே இந்நாட்டு மரபு.