வெடிச்சத்தத்துக்கு ஒரு துணை

கிர்க்காடி
ஸ்காட்லாந்து, 8 அக்டோபர் 2018

அன்புள்ள ஃபெர்கஸ்,

நலமா? உன் அண்ணன் வீட்டில் இன்னும் அந்த முட்டைக்கோஸ் சூப்தானா? இளைத்திருக்க மாட்டாய்; சூப்பிலும் பெருக்கிற உடம்பு உன்னுடையது. என்னுடையதும் அப்படித்தான். போன வாரம் பச்சைக் கோட்டை மாட்டினேன். நடுப் பொத்தான் தெறித்துப் போய்த் தபால்காரர் மீது பட்டது. பாவம், அவர் மன்னிப்புக் கேட்டார்.

போனில் பேசினால் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இனி எழுதிக்கொள்வோம் என்றாய். எனவே எழுத்திலேயே கேட்கிறேன்.

ஹாலோவீன் வருகிறது. கடைத்தெரு முழுக்க எலும்புக்கூடு. பூங்காவில் விடலைகள் இப்போதே வெடிக்கத் தொடங்கிவிட்டார்கள். டாட்டி குட்டி நாயாக வந்த நாளிலிருந்து பதின்மூன்று வருடம் நமக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது: வாசல் எனக்கு, டாட்டி உனக்கு. நான் வேஷம் போட்டு வரும் பிள்ளைகளை ஆடவோ பாடவோ வைத்துத் தின்பண்டம் கொடுப்பேன். நீ மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரி அறையில் நாயோடு உட்கார்ந்து, கால்பந்து முடிவுகளை அதற்கு வாசித்துக் காட்டுவாய். இந்த வருடம் நான் ஒருத்தி. மணி அடித்தால் முன்பக்கம், வெடித்தால் உள்பக்கம் என்று ஓட என் முழங்கால் சம்மதிக்காது.

முப்பத்தொன்றாம் தேதி வந்துபோக முடியுமா? முடிந்தால் நவம்பர் ஐந்தாம் தேதி ஊர் வாணவேடிக்கைக்கும். டாட்டிக்காகத்தான் கேட்கிறேன். மார்ச்சில் நீ போனதிலிருந்து சோபாவில் யாரும் படுக்கவில்லை.

அன்புடன் (வேறு வார்த்தை யோசித்தேன், கிடைக்கவில்லை),
ஐலீன்

*

இன்வர்னெஸ்
14 அக்டோபர்

ஐலீனுக்கு,

கடிதம் கிடைத்தது. சூப்பில் முட்டைக்கோஸ் இல்லை, உருளைக்கிழங்கு.

டாட்டியை நான்கு மணிக்குள், வெளிச்சம் இருக்கும்போதே, நடத்திக் கூட்டி வந்துவிடு. திரைச்சீலைகளை மூடி ரேடியோவைப் போடு. சாப்பாட்டைக் கொஞ்சம் அதிகமாக வை. வயிறு நிறைந்தால் தூங்கும். நடுங்கினால் கொஞ்சாதே, பக்கத்தில் சும்மா உட்கார். உனக்குச் சும்மா உட்காருவது கஷ்டம் என்று தெரியும்.

'இந்த வீட்டுக்கு வரவேண்டாம்' என்று போலீஸார் ஓர் அட்டை தருகிறார்கள். ஜன்னலில் ஒட்டினால் பிள்ளைகள் வர மாட்டார்கள். நானும் வரத் தேவையிருக்காது. இருந்தாலும் விடுப்புக் கேட்டுப் பார்க்கிறேன்.

இங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. காலையில் பஸ்ஸை எடுக்கிறேன், சாயங்காலம் டிப்போவில் கொண்டுபோய் விடுகிறேன். நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஃபெர்கஸ்

*

கிர்க்காடி
22 அக்டோபர்

அன்புள்ள ஃபெர்கஸ்,

அட்டையை ஒட்டினேன். பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டுச் செங்கா வந்துவிட்டாள்.

"என்னடி இது? யாராவது செத்துட்டாங்களா?"

"நாய்க்கு வெடின்னா பயம்டி. அதான்."

"நாய்க்குப் பயம்னா புருஷனக் கூப்பிடு. அந்தாளு எதுக்கு இருக்கான்?"

"வர்றாராம். விடுப்புக் கேட்டிருக்காரு."

"நாயப் பாக்கவா, உன்னப் பாக்கவா?"

"நாயத்தான்."

"அப்போ நீயும் ரெண்டு தடவ கொலச்சுப் பாரேன்!"

அவள் போனதும் அட்டையைக் கிழித்துவிட்டேன். இந்தத் தெருவில் அட்டை ஒட்டிய ஒரே வீடாக இருந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு வாய் பத்தாது.

நேற்று ஒரு ராக்கெட் கூரைக்கு மேலே போனது. டாட்டி சோபாவுக்கு அடியில் புகுந்து நடுங்கியது பார், சகிக்கவில்லை. அரை மணி நேரம் வெளியே வரவே இல்லை. நீ வந்தே ஆகவேண்டும்.

ஐலீன்

*

(தபால் அட்டை)
26 அக்டோபர்

விடுப்புக் கிடைத்தது. புதன் மூன்று மணிக்கு வந்து சேருவேன். நாயிடம் சொல்லிவிடு. - ஃபெ.

*

இன்வர்னெஸ்
1 நவம்பர்

ஐலீனுக்கு,

நீ எழுந்திருக்கும் முன் கிளம்பியதற்கு மன்னித்துக்கொள். முதல் ரயில் அது.

டாட்டிக்குக் காது கேட்கவில்லை. ஆறே காலுக்குத் தெருவில் ஒன்று வெடித்ததே, அலமாரியில் பெயின்ட் டப்பா ஆடியது. டாட்டி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. காதருகே கை தட்டினேன். குறட்டை நிற்கவில்லை.

உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது. சோபாவுக்கு அடியில் நடுங்கியதெல்லாம் நீ கட்டிய கதை. கோபமில்லை. தெரிந்த பிறகும் இரண்டரை மணி நேரம், செவிட்டு நாய்க்குக் கால்பந்து முடிவு வாசித்தவன் நான்.

அலமாரி அறையிலிருந்து வாசல் நன்றாகக் கேட்டது. ஒரு பையன் வந்தானே, பாட்டுத் தெரியாது, ஏழாம் வாய்ப்பாடு சொல்லட்டுமா என்று?

"சொல்லு ராசா," என்றாய்.

"ஏழாறு... ஏழாறு..."

"நாப்பத்தி மூணு."

"போங்க ஆன்ட்டி, நாப்பத்திரெண்டு! நீங்க தப்பாச் சொன்னதுக்கு எனக்கு ரெண்டு சாக்லேட்டு!"

தெருவே சிரித்தது. எனக்கும் இருட்டில் சிரிப்பு வந்தது. எழுந்து வந்து உன் பக்கத்தில் நிற்கலாம் என்று கை கதவுக் கைப்பிடிவரை போனது. பிறகு திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று ரயிலில் மூன்று மணி நேரம் யோசித்தேன். தெரியவில்லை.

ஐந்தாம் தேதியும் விடுப்பு இருக்கிறது. வேண்டுமென்றால் போனில் கூப்பிடு. நாயை இழுக்காமல், வா என்று ஒரு வார்த்தை சொல். பெட்டியோடு வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

ஃபெர்கஸ்

*

கிர்க்காடி
6 நவம்பர்

அன்புள்ள ஃபெர்கஸ்,

தெரியும். செப்டம்பரிலேயே கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு காதும் போய்விட்டது, வயசானால் அப்படித்தான் என்றார். எனக்கு உன்னைக் கூப்பிட வேறு சாக்குக் கிடைக்கவில்லை. ஐம்பத்தோரு வயதில் நாயின் பெயரால் பொய்க்கடிதம் எழுதினேன்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைதானே. ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தேன். செங்கா எட்டிப் பார்த்து, "என்னடி, முட்டையா அடகாக்குற?" என்றாள்.

நீ வரும்வரை நீ வரவேண்டும் என்றிருந்தது. இதைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். புதன்கிழமை ஒவ்வொரு முறை கதவைச் சாத்தும்போதும் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மறுநாள் காலையில் சோபாவில் நீ மடித்து வைத்திருந்த போர்வையைப் பார்த்தபின் அந்த ஆசையைத் தேடினேன். காணவில்லை. கோபமாவது இருக்கிறதா என்று தேடினேன். அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவது போல.

நேற்றுச் சாயங்காலம் டாட்டியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வாணவேடிக்கைக்கு நாயைக் கூட்டிவருகிற பொம்பளையா என்று ஊரே முறைத்தது. ஒருத்தர், "உங்களுக்கெல்லாம் இரக்கமே கெடையாதாம்மா?" என்று கேட்டேவிட்டார். டாட்டி மணலில் உட்கார்ந்து, மூஞ்சியைத் தூக்கி, ஒவ்வொரு ராக்கெட்டையும் கடைசிப் பொறி அணையும்வரை பார்த்தது. இத்தனை வருடம் சத்தத்துக்கு ஒளிந்துகொண்டிருந்ததில் அதற்கு வெளிச்சம் இருப்பதே தெரியாது. நானும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கும் சும்மா உட்கார வரும் போலிருக்கிறது. அழுகை வந்தால் இருக்கட்டும் என்று பெரிய கைக்குட்டை எடுத்துப் போயிருந்தேன். கடைசியில் அதில் சாசேஜ் ரோலை வைத்துத் தின்றேன்.

நான் கூப்பிடவில்லை, ஃபெர்கஸ். மறந்துபோய் அல்ல.

உன் சாமான்கள் மாடி அறையில் அப்படியே இருக்கின்றன. ஒரு நாள் பகலில் வந்து எடுத்துக்கொள். என்றைக்கு என்று எழுது, வீட்டில் இருக்கிறேன், டீ போட்டுத் தருகிறேன். டாட்டி உன்னை மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

வரும்போது சாவி போட்டுத் திறக்காதே. மணி அடி.

ஐலீன்