பிகோர்னா என்று கூப்பிடு

பெலோட்டாஸ்,
மே 9.

அன்பு மகன் எவாந்த்ரோவுக்கு அம்மாவின் ஆசிகள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கூரை ஒழுகுவதை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். அப்பா நேற்று பீன்ஸும் சோறும் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை லைன் கெட்டுப்போனது என்று பிறகு உன்னிடம் சொன்னது பொய். நீ "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். அவர் போனை என்னிடம் நீட்டி, "ஏம்மா, யாரோ ஒரு பையன் அவங்கப்பாவைத் தேடுறான். பாவம், என்னன்னு கேளு" என்றார். என்னால் உன்னிடம் பேச முடியவில்லை, வைத்துவிட்டேன்.

மார்ச்சில் ஆஸ்பத்திரியில் "ஒதிலோன் ஃபெரெய்ரா" என்று மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. வெட்கக்கேடு, எனக்கும் உறைக்கவில்லை. கல்யாணத்தன்று பாதிரியார் சொன்னதோடு சரி, அந்தப் பெயரை யார் சொன்னார்கள்? நானே "என்னங்க" என்றுதானே கூப்பிடுவேன். எங்கள் முறை போகவிருந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்தவள்தான் அடையாளம் கண்டு, "பிகோர்னா! உங்களத்தான்யா கூப்பிடுறாங்க!" என்று கத்தினாள். விறைப்பாக எழுந்து நின்றார். இடது கையில் இல்லாத கேப்டன் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கால்பந்தை அத்தனை வருஷம் தலையால் முட்டியதுதான் இந்த மறதிக்குக் காரணம் என்கிறார் டாக்டர். பிகோர்னா என்று கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற கல்லின் பெயரைப் பதினேழு வயதில் பஞ்சாலை அணிக்காரர்கள் அவருக்கு வைத்தார்கள். கோப்பையைத் தூக்கிய அன்று நாடே அந்தப் பெயரைக் கத்தியது. கல் என்றே நினைத்துவிட்டோம், எல்லோரும்.

நீ பிறந்தபோது அவர் மான்டிவிடியோவில் ஆடிக்கொண்டிருந்தார். உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது ரோமில். "அந்தாளு பத்துப் பேருக்குக் கேப்டன், ஒருத்தனுக்கு அப்பாவா இருக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டுத்தான் போர்ச்சுகலுக்குப் போனாய். அன்று உன்னை அறைந்தேன். நீ சொன்னது பொய்யில்லை, மகனே.

குளிர்காலம் முடிவதற்குள் அந்தப் பெயரும் அவருக்கு மறந்து போய்விடலாமாம். அதற்குள் வா. வந்து "அப்பா" என்று கூப்பிடாதே. திரும்ப மாட்டார், நீ தாங்கமாட்டாய். பிகோர்னா என்று கூப்பிடு. உன் அப்பாவை உன்னிடமிருந்து பிடுங்கிய பெயர் அது, தெரியும். நானும்தான் அதை வாயால் சொன்னதில்லை. இப்போது தினமும் காலையில் அதைச் சொல்லித்தான் காப்பி கொடுக்கிறேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறார், யாரோ ஒரு ரசிகைக்குச் சிரிப்பதுபோல.

அந்தச் சிரிப்பையாவது நீயும் வாங்கிக்கொண்டு போ. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

அம்மா,
சுலெய்தே.