ஒன்றாம் நபரின் பெயர்

மதினி,

நேற்று மாலை செம்பூரில் ரயில் ஏறினேன். நல்ல மழை. பெண்கள் பெட்டியில் ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு ஈரக்குடைகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். டிக்கெட் பரிசோதிக்கிற அம்மாள் வந்து நின்றாள். பாஸை எடுக்க அந்தச் சின்னப் பையின் ஜிப்பைத் திறந்தேன், குப்பென்று சொல்யூஷன் மணம். தோலோடு தோலை ஒட்டுகிற அந்தப் பசையின் மணம். உங்கள் கையில், முந்தானையில், நீங்கள் நீட்டுகிற டீ கிளாசில்கூட இருந்த மணம். உங்களை அடக்கம் செய்து அரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் பசை இன்னும் விடமாட்டேன் என்கிறது.

உங்கள் மகள் ஷிபாவின் பரீட்சைப் பை அது. பேனா பென்சிலெல்லாம் வெளியே தெரிகிற பையில்தான் கொண்டுவர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். கடையில் ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்றேன் நான். தோல்பைப் பட்டறைக்காரி மகளுக்குக் கடைப் பையா என்று என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கை வெட்டி, நாலு ஓரத்துக்கும் சிவப்புத் தோல் வைத்துத் தைத்தீர்கள். இதற்கு விடுவார்களா என்று கேட்டதற்கு, "உள்ள இருக்கது தெரியணும்னுதான சொன்னாவ, அழகா இருக்கக்கூடாதுன்னு சொல்லலயே" என்றீர்கள். பரீட்சையெல்லாம் முடிந்ததும் ஷிபா அதை என் கையில் வைத்து, நீங்க வச்சுக்கோங்க மாமி என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் இருந்த பெண் பையைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று இந்தியில் கேட்டாள். அவளிடம் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நீங்கள் இல்லாத நேரத்தில் நடந்தது பாதி, நீங்கள் இருந்தபோதே நான் சொல்லாமல் விட்டது பாதி.

ஷிபாவுக்குச் செம்பூர்ப் பள்ளியில் ஃபீஸ் இல்லாமல் இடம் கிடைத்தபோது தாராவியில் உங்கள் சந்தே வந்து வாழ்த்தியது. வெளிநாட்டுப் பாடத்திட்டம், விடைத்தாளைக் கடல் தாண்டி யாரோ திருத்துவார்கள் என்று நீங்கள் தோல் கொண்டுவருகிறவனிடம்கூடப் பெருமையடித்தீர்கள். அவள் பெரிய பரீட்சைக்குப் பூகோளத்தை எடுத்திருக்கிறாள் என்று தெரிந்ததும் வாழ்த்தின வாயெல்லாம் கோணிக்கொண்டது. என் காக்கா, எனக்கு அண்ணன், உங்களுக்குப் புருஷன், அம்பர்நாத் ஃபேக்டரியிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார், மலையும் ஆறும் படித்தவளுக்கு எந்த பேங்க்கில் வேலை கொடுப்பான் என்று. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார். பூகோளத்தில் 'ஏ' வாங்கினால் கல்லூரியிலும் அதையே படிக்கட்டும், இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் பி.காம். ஷிபா சம்மதித்தாள். நானும் தலையாட்டினேன். நீங்கள் மட்டும் ஆட்டவில்லை. அவள் என்ன வாங்கினாலும் அதைத்தான் படிப்பாள் என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கப் போய்விட்டீர்கள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க என்னைப் பிடித்துப் போட்டீர்கள். செம்பூரில் ஆபீஸ் விட்டால் வடாலாவில் என் வீடு போய்ச் சேர வேண்டியவள், ஷிபாவோடு தாராவிக்கு பஸ் ஏறினேன். கீழே பட்டறை, மேலே பலகை அடித்த மாடி. தலை நிமிர்ந்தால் தகரம் இடிக்கும். அங்கே உட்கார்ந்துதான் நானும் அவளும் பருவக்காற்றையும் மக்கள்தொகையையும் படித்தோம். நீங்கள் வார் வெட்டுகிற சாக்கில் ஏறி வந்து காது கொடுப்பீர்கள். மழைக்காற்று எங்கிருந்து கிளம்புகிறது என்று எழுதினவன், நம் தகரத்தில் எங்கே ஒழுகுகிறது என்றும் எழுதியிருக்கிறானா என்று கேட்டுச் சிரிக்க வைப்பீர்கள்.

நகரங்கள் என்ற பாடம் வந்த அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது. குடிசைப்பகுதிக்கு உதாரணம் என்று ஒரு முழுப்பக்கம், அதற்குத் தலைப்பே தாராவி. நம் பேர் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று உங்களுக்கு முதலில் சந்தோஷம். வாசி என்றீர்கள். ஷிபா தமிழும் இந்தியுமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். திட்டமில்லாத வளர்ச்சி, சுத்தமின்மை, நோய், கிராமங்களிலிருந்து எந்தத் திறமையும் இல்லாமல் வந்து சேர்ந்த மக்கள். பக்கத்தில் ஒரு சாக்கடையின் படம். பிறகு என்ன என்று கேட்டீர்கள். அவ்வளவுதான் உம்மா, அடுத்த பக்கம் வேறு ஊர் என்றாள். கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீங்கள் தைத்த பைகளை ஏர்போர்ட்டில் வைத்து விற்கிறான் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் நியாயம் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன், பரீட்சை வேறு வாழ்க்கை வேறு, புத்தகத்தில் இருப்பதை எழுதி மார்க்கை வாங்கிவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம் என்று. நீங்கள் கத்தரியைக் கீழே வைத்தீர்கள்.

"எம்மவ கையாலயே என்னத் திறமையில்லாதவன்னு எழுதச் சொல்லுதியா?"

நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

பள்ளிக்கூடத் தேர்வில் ஷிபா புத்தகத்தை விட்டுவிட்டுத் தன் மனசில் பட்டதை எழுதினாள். பாதி மார்க்கோடு விடைத்தாள் திரும்பி வந்தது, ஓரத்தில் சிவப்பு மையில், ஆதாரம் எங்கே என்று ஒரு கேள்வி. மறுநாளே நல்ல புர்காவைப் போட்டுக்கொண்டு, மொழிபெயர்க்க என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டீர்கள். பூகோள டீச்சர் மராட்டிக்காரி, பாவம், நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டியிருந்தாள். ஆதாரமா, நான்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேனே என்று நீங்கள் தமிழில் சொன்னதை நான் விழுங்கிவிடப் பார்த்தேன். உங்கள் முகத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது, சிரித்துவிட்டாள். ஷிபா எழுதினது சரியாகவே இருக்கலாம், ஆனால் திருத்துகிறவனுக்கு இவளைத் தெரியாதே என்றாள். வீடு வீடாகப் போய் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு வரட்டும், வந்த பதில்களை வைத்து எழுதட்டும், அப்புறம் யாரும் அசைக்க முடியாது. ஒரு விதி மட்டும் உண்டு, யாருடைய பேரையும் போடக்கூடாது, ஒன்றாம் நபர், இரண்டாம் நபர் என்றுதான் எழுத வேண்டும். திரும்பி வருகிற வழியெல்லாம் உங்களுக்கு அதுதான் ஆற்றாமை.

"நம்பர் போடதுக்கு நாங்க என்ன ரயில் பெட்டியா?"

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முன்னால் நடக்க, ஷிபா கேள்வித்தாளோடு பின்னால் வர, சந்துக்குள் இறங்கினோம். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டால் எப்போதும் வரும் என்றார்கள். கக்கூஸ்? வீட்டுக்கு வீடு இருக்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே வருமா? வரவே வராது என்று சொன்ன அக்காவின் சுவரில் போன மழையின் கறை இடுப்புயரத்துக்கு இருந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது. முந்தின நாளே நீங்கள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, வெளிநாட்டான் படிக்கப்போகிறான், மானத்தை வாங்கிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தது அப்புறம்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து பதில்களைக் கூட்டிப் பார்த்தால் பணக்கார மலபார் ஹில்காரர்களே பொறாமைப்படுகிற மாதிரி இருந்தது நம் சந்து.

ஷிபா தாள்களையெல்லாம் உங்கள் முன்னால் போட்டாள். அவள் உங்களை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அந்தப் புஸ்தகம் பாதியத்தான் சொல்லிச்சு. நீங்க மத்த பாதிய மட்டும் சொல்லுதீங்க. ரெண்டும் பொய்தான உம்மா?"

அடி விழும் என்று பயந்தேன். நீங்கள் தாள்களைப் பொறுக்கி அடுக்கிவிட்டு எழுந்து போனீர்கள். அந்த வாரம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை, உங்கள் மெஷின் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஷிபாவைக் கூப்பிட்டீர்கள்.

"எழுதுளா. ஒன்னாம் நம்பர் நான். தண்ணி விடியதுக்கு முன்ன கொஞ்ச நேரந்தான் வருது, கொடம் நெறையலன்னா சண்டதான். கக்கூஸுக்கு வரிசையில நின்னு முட்டு வலிக்கி. போன மழையில தோலு பூரா நனஞ்சு நாசமாப் போச்சு. எழுதிட்டியா? இப்பம் எழுது, இந்தப் பட்டறையில எத்தன பொம்பளைய ஒக்காந்து சம்பாதிக்காளுவ, எத்தன புள்ளைய படிக்குன்னு. ஒன்னு விடாம எழுது. நாளைக்கு எவனாவது இடிக்கணும்னு வந்தாலும் ரெண்டையும் படிச்சிட்டு வரட்டும்."

சந்து வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தது. பிறகு அந்தக் கறைச்சுவர் அக்கா முன்னால் வந்து, என்னுடையதையும் மாற்றி எழுது பிள்ளை என்றாள். பொழுது சாய்வதற்குள் எல்லாரும் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். எனக்கு உங்களைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது மதினி. அன்றைக்கு அதைச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் பேர் விஷயத்தை நீங்கள் விடவில்லை. இவ்வளவும் சொன்னது நான், பேர் மட்டும் கிடையாதா என்று ஷிபா எழுத உட்காரும்போதெல்லாம் ஆரம்பிப்பீர்கள். விதி உம்மா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது என்பாள். அந்த விதியைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு என்பீர்கள்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் மெஷினில் கால் வைத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்கு அதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை. எழுதவும் இஷ்டமில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் துக்கத்தோடு யோசனைகளும் கொண்டுவந்தார்கள். இந்த வருஷம் பரீட்சை வேண்டாம் என்றார்கள். தாயில்லாப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு, ஒரு நல்ல இடம் இருக்கிறது என்று ஒரு பெரிய மனுஷர் ஆரம்பித்தார். காக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் எழுந்து, பிரியாணி ஆறிக்கொண்டிருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். நீங்கள் இருந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பீர்கள். கொஞ்ச நாளில் ஷிபா மாடி ஏறிப் புத்தகத்தைத் திறந்தாள். நான் மறுபடியும் பஸ் ஏறினேன். கட்டுரைகளாக எழுதிப் பழகினாள். கீழேயிருந்து கிண்டல் சத்தம் மட்டும் வரவில்லை.

மே மாதப் பரீட்சையில் குடிசைப்பகுதியைப் பற்றியே கேள்வி வந்தது. இப்படிப்பட்ட இடங்களை அகற்ற வேண்டுமா, மேம்படுத்த வேண்டுமா, உதாரணத்தோடு விவாதிக்கவும். வாசலில் காத்திருந்த என்னிடம் வந்து, நன்றாக எழுதினேன் மாமி, ஒரு தப்பு மட்டும் பண்ணினேன், தெரிந்தேதான் பண்ணினேன் என்றாள். ஒன்றாம் நபர் என்று எழுத வேண்டிய இடத்தில் உங்கள் பேரை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நம்பர் போடதுக்கு எங்க உம்மா என்ன ரயில் பெட்டியா?" என்றாள்.

ரிசல்ட் இந்த மாதம் வந்தது. பூகோளத்தில் 'பி'. பேர் எழுதினதால் மார்க் போனதா, வேறெங்காவது போனதா, யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள வழியுமில்லை. காக்கா பேசிய பேச்சை மறக்கிறவர் இல்லை என்று உங்களுக்கே தெரியும். மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் பி.காம் விண்ணப்பத்தை வாங்கியே வைத்திருந்தார். நான் வரிந்துகட்டிக்கொண்டு போய் நின்றேன். அவள் என்ன வாங்கினாலும் அதைத்தான் படிப்பாள் என்று உங்கள் குரலில் சொன்னேன். அதற்குள் ஷிபாவே எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். பேர் எழுதினதை, அது விதிக்கு விரோதம் என்பதை, மறுபடி எழுதச் சொன்னாலும் அப்படியே எழுதுவேன் என்பதை.

காக்கா விண்ணப்பத்தை மடித்துக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

"என்ன பேருன்னு எழுதின?"

"ஆதார்ல இருக்க மாதிரி வாப்பா. முழுசா."

இந்த ஊர் ஆதாரில் பெண்களின் பேருக்கு நடுவே புருஷன் பேரும் இருக்கும் அல்லவா. அப்போ என் பேரும் அதில் போயிருக்கிறதா என்றார். போயிருக்கிறது என்றாள். அவர் எழுந்து முகம் கழுவப் போனார். குழாயில் தண்ணீர் வராத நேரம் அது. வெறும் குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். மறுநாள் அம்பர்நாத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவரே அவளைக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பி.காம் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு விண்ணப்பம் வாங்கினார். உங்கள் மகள் இப்போது பூகோளம் படிக்கிறாள் மதினி. 'பி' வாங்கித்தான் படிக்கிறாள்.

எந்தத் திறமையும் இல்லாமல் வந்தவர்கள் என்று எழுதினானே, அவன் ஊரிலோ பக்கத்து ஊரிலோ யாரோ ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் பேரை எழுத்துக்கூட்டிப் படித்திருப்பார். நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

ரயிலில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். எங்கே வாங்கினது என்று கேட்டாளா. நம் ஆட்கள் வெளியே எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் பக்கத்துச் சயான் பேரைச் சொல்லி முடித்துவிடுவார்கள், காக்கா வீட்டைக் கேட்டால் நானும் அப்படிச் சொல்லிப் பழகினவள்தான். தாராவி என்றேன். பெட்டியில் கொஞ்சம் சத்தமாகவே விழுந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று கேட்டாள்.

உங்கள் பேரைச் சொன்னேன். ஆதாரில் இருக்கிற மாதிரி, முழுசாக.